பணம் வந்தால் மலை திரும்ப வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் குமரி மாவட்டத்தில் கல்குவாரிக்கு எதிராக யார் வாய் திறந்தாலும், “முதலில் தொழிலும் வருமானமும் வரட்டும், கையில் காசு வந்தால் சுற்றுச்சூழலை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்” என்று ஒரு பதில் ரெடியாக இருக்கிறது. படித்தவர்கள் இதற்குக் குஸ்நெட்ஸ் வளைவு என்ற பொருளாதாரக் கருத்தை வேறு துணைக்கு இழுக்கிறார்கள். 1990களில் கிராஸ்மன், குரூகர் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் பல நாடுகளின் அளவீடுகளை வைத்து, வருமானம் ஏறும்போது மாசும் ஏறுகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் இறங்குகிறது (இதுதான் அந்த வளைவு) என்று எழுதியது உண்மைதான்.

ஆனால் அவர்கள் அளந்தது கந்தக டை ஆக்சைடு, புகை, ஆற்றில் கலக்கும் கழிவு போன்றவற்றை. இவை ஆலைக்கு வடிகட்டி போட்டால், சாக்கடை நீரைச் சுத்திகரித்தால் குறையக்கூடியவை. வெடிவைத்துத் தகர்த்து, எம் சாண்டாகவும் ஜல்லியாகவும் லாரியில் ஏற்றிவிட்ட மலையை எத்தனை கோடி கொடுத்து யார் திரும்பக் கட்டப்போகிறார்கள்? மாசு குறைந்தது கூட தானாக நடக்கவில்லை, மக்கள் கேட்டுப் போராடி வந்த சட்டங்கள்தான் முக்கிய காரணம் என்று அந்தப் பேராசிரியர்களே 1995 கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தக்கலை, மார்த்தாண்டம் ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். டாரஸ் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையை நோக்கிப் போகும், தார்ப்பாயைப் பேருக்கு மூடியிருப்பார்கள், பின்னால் பைக்கில் வருகிறவன் கண்ணைத் திறக்க முடியாது, ரோட்டோர வாழை இலையெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும். கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் இங்கிருந்து கல் போனது. கேரளத்தில் வயலையும் சதுப்பு நிலத்தையும் காக்க 2008லேயே சட்டம் போட்டார்கள், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கட்டடம் எழும்ப இங்கே மலை கரைகிறது என்றால் மாசு எங்கே குறைந்தது, எல்லை தாண்டி எங்கள் பக்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் எங்களுடையது, வெளிநாட்டுப் பணமும் வராமல் இல்லை. படிப்பும் காசும் வந்தால் எல்லாம் சரியாகும் என்பது நிஜமானால், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த நாஞ்சில் நாட்டு வயல்களில் இத்தனை பிளாட் கல் நட்டிருக்காது, நான்கு வழிச்சாலைக்காகக் குளங்களில் மண்ணைக் கொட்டியிருக்க மாட்டார்கள். சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது பெரிய சந்தோஷம், மற்ற குளங்களும் குளங்கள்தானே.

வேலை வேண்டாம், ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு குவாரிக்கும் எத்தனை கனமீட்டர் அனுமதி, இதுவரை எவ்வளவு வெட்டியாகிவிட்டது, எந்தத் தேதியோடு முடிகிறது என்பதை அந்தந்தப் பஞ்சாயத்து அலுவலக வாசலில் மாதாமாதம் எழுதி வையுங்கள். அதைக் கிராமசபையில் படித்துக் காட்டாமல் எந்த உரிமத்தையும் நீட்டிக்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.