வண்டியைப் பின்னால் எடுக்குமுன்

அன்புள்ள மகளுக்கு,

உள்ளேயே தங்கிப் பயணிக்கும் 36 அடி நீள வீட்டு வண்டியை, அந்த மோட்டார்ஹோமை, நீயே ஓட்டப்போவதாகச் சொன்னாய். நெடுஞ்சாலையில் உனக்குச் சிரமம் இருக்காது. மரங்களுக்கு நடுவே உள்ள குறுகிய முகாமிடத்துக்குள் அதைப் பின்னால் எடுத்து நிறுத்துவதுதான் என் கவலை.

உன் காரில் பின்சக்கரங்கள் ஏறக்குறைய வண்டியின் கடைசியிலேயே இருக்கின்றன. இத்தகைய வண்டியிலோ பின்சக்கரங்களுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு அடி வரை நீண்டிருக்கும். முன்னோக்கிப் போகையில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால், அந்த வால்பகுதி இடப்பக்கம் வெளியே வீசும். ஒருமுறை முகாமிடத்திலிருந்து கிளம்பியபோது, வண்டியின் மூக்கு சாலைக்கு வந்ததுமே நான் வலப்பக்கம் முழுதாக ஒடித்தேன். கண்ணும் வலப்பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது. இடது பின்மூலை மின் இணைப்புக் கம்பத்தில் உரசிப் பக்கத் தகடு ஒரு முழத்துக்குக் கிழிந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. இன்னும் சில அடி நேராக வந்து, பிறகு மெல்ல ஒடித்திருந்தால் அது நேர்ந்திராது.

பின்னால் எடுக்கும்போது மூக்கு வெளியே வீசும். ஆகவே சாலையின் எதிர்ப்புறத்தில் உள்ள மரத்தையும் அடுத்தவர் வண்டியையும் முதலில் பார். பின்புறக் கேமரா அவற்றையும் காட்டாது, கூரைமேல் உள்ள ஏசியில் இடிக்கக்கூடிய தாழ்ந்த கிளையையும் காட்டாது. இறங்கி நடந்து, மேலேயும் பார்த்துவிட்டு வா. எத்தனை முறை இறங்கினாலும் தவறில்லை. நீ உட்காரும் ஜன்னல் பக்கமாகவே உள்ளே திரும்பும்படி வண்டியைக் கொண்டுவந்தால், பின்சக்கரம் போகும் தடத்தை நேராகவே பார்க்கலாம். அதற்காக ஒரு சுற்று சுற்றி வர நேர்ந்தாலும், ஒருவழிப் பாதை இல்லையென்றால் சுற்றியே வா.

நான்கு சக்கரங்களும் தரையில் உருள, பின்னால் காரை இழுத்து வந்தால், அதைக் கழற்றிவிட்ட பிறகே பின்னால் எடு. பின்னோக்கித் தள்ளும்போது காரின் முன்சக்கரங்கள் தம்போக்கில் திரும்பி, இழுவைக் கம்பியை வளைத்துவிடும்.

வழிகாட்ட மாப்பிள்ளை இறங்கி நிற்பார். அவர் முகம் உன் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கட்டும். அவர் மறைந்த அந்த நொடியே பிரேக்கை மிதித்துவிடு. “வரலாம், வரலாம்” என்ற குரல் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் அவர் கையை நீட்டட்டும், நிறுத்த இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தட்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கோணம் தப்பினால் அதிலேயே சரிசெய்யப் பார்க்காமல், முன்னால் எடுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி தொடங்கு.

புறப்படுவதற்கு முன் ஒரு வெறும் மைதானத்தில் நான்கு கூம்புகளை வைத்து, இருவரும் இருட்டும்வரை பழகிப் பாருங்கள். முடிந்ததும் எனக்கு ஒரு போன் செய்.

அன்புடன்,
அப்பா