தினமும் மூன்று வேலை: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வுத் தாள் கொடுத்த அன்று உங்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "ராத்திரி பத்து மணி வரைக்கும் புத்தகத்தோடதான் உக்காந்திருக்கறாங்க, அப்புறம் ஏனுங்க டீச்சர் மார்க் வரமாட்டேங்குது?" அன்றைக்கு இருந்த கூட்டத்தில் நின்றபடியே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்து இப்போது எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மாணவி தன் அம்மாவின் போனைக் கொண்டுவந்து காட்டினாள். உறைக்குள் தறிப் பஞ்சு படிந்திருந்தது, திரையில் ஒரு மூலை விரிசல். அதில் வேலைகளைக் குறித்துவைக்கும் செயலி ஒன்றைப் போட்டு, "சயின்ஸ் படிக்கணும்" என்று எழுதி வைத்திருந்தாள். ஒன்பது நாளாக அந்த வரி டிக் ஆகாமல் அப்படியே கிடந்தது. சயின்ஸில் எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "லென்ஸ் படம் வரலீங்க டீச்சர்" என்றாள். ஒளியியல் பாடத்தில் குவிலென்ஸ் கதிர்ப்படம் ஆறு வரும், பொருளை வைக்கும் இடத்துக்குத் தகுந்தாற்போல. பழைய வரியை அழித்துவிட்டு, "குவிலென்ஸ் முதல் இரண்டு படம், புத்தகம் பார்க்காமல்" என்று எழுதச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரியே டிக் போட்டுவிட்டாள். மூன்று நாளில் ஆறு படமும் முடிந்தது.

"சயின்ஸ் படிக்கணும்" என்பது எப்போது முடியும் என்று யாருக்குமே தெரியாது. முடிவு தெரியாத வேலையைத் தொடங்கப் பிள்ளைகளுக்குக் கை வருவதில்லை. தறியில் பாவு நூல் ஏற்றுகிற அன்றே முழுப் பாவையும் நெய்து முடிப்பேன் என்று நீங்கள் யாரும் சொல்வதில்லை; இந்த ஷிப்டுக்கு இத்தனை மீட்டர் என்றுதான் கணக்கு. பால் சொசைட்டி அட்டையிலும் காலைக்கு இத்தனை லிட்டர், சாயங்காலத்துக்கு இத்தனை லிட்டர் என்று அன்றன்றைக்குத்தான் எழுதுகிறார்கள். படிப்புக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

அதனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் இனி ஒவ்வொரு நாளும் மூன்றே மூன்று வேலை குறிக்க வேண்டும். ஒவ்வொன்றும் அரை மணியில் முடிகிற அளவுக்கு இருக்கட்டும். "வடிவொத்த முக்கோணம் ஒன்று வரைதல்" என்று எழுதினால் சரி, "கணக்கு" என்று மட்டும் எழுதினால் அது சேராது. பொதுத்தேர்வில் வடிவியல் வரைதலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. இந்த 16-ஐயும் தினம் ஒரு படம் என்று போட்டே எடுத்துவிடலாம்.

மூன்று போதுமா என்று கேட்பீர்கள். போன வருடம் நான் பத்து எழுதச் சொன்னேன். அது என் தவறு. பத்தில் நாலு முடித்த பிள்ளை, ஆறு முடியவில்லையே என்ற நினைப்போடு தூங்கப் போனது. சில வீடுகளில் அந்தப் பட்டியலைப் பார்த்துத் திட்டு விழுந்தது. இரண்டே வாரத்தில் பிள்ளைகள் படிக்காமலே டிக் போடப் பழகிவிட்டார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் குறைத்துப் போடுவது பெரியவர்களுக்கும் உள்ள பழக்கம்தான். கனடாவில் பட்டப்படிப்பின் கடைசி வருட மாணவர்களிடம், ஆய்வுக் கட்டுரையை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். 1994-இல் வெளியான ஆய்வு அது. கல்லூரிப் பிள்ளைகளே அப்படி என்றால், 15 வயதுப் பிள்ளை பத்து வேலை எழுதிவிட்டுத் தடுமாறுவதில் என்ன குற்றம்?

செயலி எது என்றாலும் எனக்குச் சம்மதம், காசு கட்டி எதையும் வாங்க வேண்டாம். மைக்ரோசாப்ட் டூ டூ என்ற செயலியில் 'மை டே' என்று அன்றைய பட்டியல் ஒன்று உண்டு. நள்ளிரவில் அது தானாகக் காலியாகிவிடும். முடியாத வேலை அழிந்துபோகாது. மறுநாள் வேண்டுமென்றால் பிள்ளையே அதை எடுத்துப் பட்டியலில் திரும்பச் சேர்க்க வேண்டும். அப்படிக் காலையில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிற இரண்டு நிமிடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. டூடூயிஸ்ட் என்ற செயலியில் ஒரு நாளைக்கு இத்தனை என்று இலக்கு வைக்கலாம். அதை மூன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். தொடர்ந்து எத்தனை நாள் இலக்கை எட்டினோம் என்று அது எண்ணிக் காட்டும். நோம்பி நாளுக்கும் ஊருக்குப் போகிற நாளுக்கும் விடுமுறை வைக்கவும் அதில் வழி உண்டு. கூகுள் டாஸ்க்ஸ் செயலி போதும் என்பவர்களுக்கு அதுவும் போதும், முடித்தவை பட்டியலின் அடியில் சேர்ந்துகொண்டே வரும்.

வேலையோடு நேரத்தையும் இடத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். "ஆறு மணிக்கு, திண்ணையில், மனப்பாடப் பாட்டு" என்று எழுதிய வேலை நடக்கிறது. வெறுமனே "தமிழ்" என்று எழுதியது தள்ளிப்போகிறது.

உங்களிடம் முக்கியமாக ஒன்று கேட்கிறேன். பட்டியலைப் பாருங்கள், டிக் மட்டும் நீங்கள் போடாதீர்கள். முடியாத நாளில் திட்டவும் வேண்டாம். ஏன் முடியவில்லை என்று கேளுங்கள். வேலை பெரிதாக இருந்திருக்கும், இல்லையென்றால் பாடம் புரிந்திருக்காது. புரியாததை மறுநாள் எங்களிடம் சொல்லி அனுப்புங்கள், சொல்லிக்கொடுக்க நாங்கள் இருக்கிறோம். தொடர்ந்து வந்த கணக்கு ஒரு நாள் விட்டுப்போனதென்று ஒரு பையன் செயலியையே தூக்கிவிட்டான். அவன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இழை அறுந்தா பிணைச்சுட்டு ஓட்ட வேண்டியதுதானுங்க, அதுக்காக தறியை நிறுத்துவாங்களா?" என்றார். அதைப் பையனிடமும் சொன்னார். அடுத்த நாளே திரும்ப ஆரம்பித்துவிட்டான்.

பகல் ஷிப்டில் போன் உங்களோடு போய்விடும் என்பது தெரியும். காலையில் நீங்கள் கிளம்பும் முன் இரண்டு நிமிடம், ராத்திரி ஐந்து நிமிடம் பிள்ளையின் கையில் கொடுங்கள், போதும். அந்த நேரத்துக்கு மேல் போன் எதற்கும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே 80 பக்க நோட்டு ஒன்று தருகிறோம். அதில் கோடு போட்டு டிக் அடித்தாலும் இதே கணக்குத்தான், ஒரு குறையும் இல்லை.

வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குப் போனோடு வாருங்கள். செயலியைப் போட்டு, முதல் மூன்று வேலையைப் பிள்ளைகள் உங்கள் முன்னாலேயே எழுதுவார்கள். நைட் ஷிப்ட் உள்ளவர்கள் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வரலாம், அன்றைக்கும் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்