கிளாஸ்கோவில் கடை எடுத்த நண்பனுக்கு

அன்பின் மச்சான்,

சாவி கைக்கு வந்துவிட்டது என்று நீ போனில் சொன்ன நேரம் தொடக்கம் எனக்குச் சந்தோஷம், கூடவே கொஞ்சம் யோசனையும். லண்டனில் இத்தனை வருஷம் ஓஃப் லைசன்ஸ் கடையில், அதுதான் வீட்டுக்குக் கொண்டுபோகக் குடிவகை விற்கிற கடையில், நின்றவன் நீ, வேலை உனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் ஸ்கொட்லாந்தில் குடிவகைச் சட்டமே வேறு.

இங்கே இங்கிலாந்தில் 2015 ஏப்ரலுக்குப் பிறகு பெர்சனல் லைசன்ஸை, அதாவது குடிவகை விற்பனைக்கு ஆளின் பெயரில் தருகிற அனுமதியை, புதுப்பிக்கிற வேலை இல்லை. அங்கே அது 10 வருஷத்துக்குத்தான், அதற்குள்ளும் 5 வருஷத்துக்கு ஒருக்கால் திரும்ப வகுப்புக்குப் போய்ச் சான்றிதழை அனுமதி தருகிற லைசன்சிங் போர்டுக்குக் காட்டவேண்டும், விட்டால் லைசன்ஸ் போய்விடும். மருமகனைக் கல்லாவில் விடமுதல் 2 மணித்தியாலப் பயிற்சி கொடுத்து, கையெழுத்து வாங்கி, அந்தத் தாளைக் கடையிலேயே வை. காலை 10க்கு முன்னும் இரவு 10க்குப் பின்னும் ஒரு பியர் டின் கூட வெளியே போகக்கூடாது.

விலையும் அப்படித்தான். இதற்குக் கீழே குடிவகை விற்கக்கூடாது என்று அங்கே ஒரு குறைந்தபட்ச விலை இருக்கிறது, 2018 மேயில் ஒரு யூனிட்டுக்கு (10 மில்லிலீட்டர் சுத்த மதுசாரம்) 50 பென்ஸ் என்று தொடங்கியது, 2024 செப்டெம்பர் 30 இல் 65 ஆக்கிவிட்டார்கள். 37.5 வீத வொட்கா 70 சென்டிலீட்டர் போத்தலில் 26.25 யூனிட் இருக்கிறது, முன்பு 13 பவுண் சொச்சத்துக்கு விற்கலாம், இப்போது 17 பவுணுக்கு மேலே போட்டே ஆகவேண்டும். பழைய முதலாளி ஒட்டிவிட்டுப் போன விலைத் துண்டுகளை நம்பாதே, ஒவ்வொரு தட்டாகப் பார்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்ததை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. வீடு மாறியபோது கடைக்குரிய லைசன்ஸில் என் விலாசத்தை மாற்றாமல் விட்டுவிட்டேன். ஆண்டுக் கட்டணக் கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது, நினைவூட்டலும் அங்கேதான். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கட்டணம் கட்டாததால் லைசன்ஸ் இடைநிறுத்தம் என்று அறிந்து, வீட்டிலிருந்து பூப்போட்ட கட்டில் விரிப்பைக் கொண்டுவந்து பியர் ஃப்ரிட்ஜ் கண்ணாடியை மறைத்துக் கட்டினேன். மனைவி மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். வழமையாக வருகிற சனம் விரிப்பைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது. கட்டணத்தைக் கட்டியதும் லைசன்ஸ் திரும்பி வந்தது, ஆனால் அந்தச் சனி, ஞாயிறு வியாபாரம் போனது போனதுதான்.

அப்புறம், அம்மாவுக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை, உன்னைக் கேட்டார். உன் வகுப்பு முடிந்து லைசன்ஸ் கிடைத்த திகதியை எனக்கு அனுப்பு, என் கலண்டரிலும் குறித்துவைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்