பாப்பாவுக்கு, போன் வந்து சேர்ந்தது

மதுரை,
வியாழன் ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். போன் வந்து பதினேழு நாளாகிறது. எப்படி இருக்கிறது என்று நீ மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் "நல்லாத்தான் இருக்கு" என்று மழுப்பிவிட்டேன். ஒரு பொருளோடு கொஞ்ச நாள் புழங்கிப் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்ல எனக்கு வராது. இப்போது சொல்கிறேன்.

இதை அந்தப் போனிலேயே எழுதி அனுப்பலாம்தான். அனுப்பினால் இரண்டு குறியும் நீலமாகிவிட்டதா என்று விடிய விடிய எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். தாளில் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது தெரிந்துதான் கேட்காமல் அனுப்பினாய். பழைய நோக்கியா எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. நாலு தடவை பேட்டரி மாற்றியாயிற்று, சித்தப்பா வீட்டுக் கிணற்றடியில் விழுந்த கதை உனக்குத் தெரியும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாள் நிற்கும். கரண்ட் போனால் டார்ச் இருக்கிறது. இந்தப் புதிய போனில் பேட்டரி 5,000 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறான், ஆனால் மறுநாள் ராத்திரிக்கே வாயைத் திறந்துகொண்டு சார்ஜ் கேட்கிறது. விலையையும் பார்த்தேன். பெட்டிக்குள்ளேயே பில் இருந்தது. 16,999 ரூபாய், அதில் 18 சதவீதம் வரி. என்னுடைய ஒரு வருஷப் பென்ஷன், பாப்பா. பில்லை மடித்து என் டைரிக்குள் வைத்திருக்கிறேன். அம்மா இன்னும் பார்க்கவில்லை.

மாடி வீட்டுக்காரர்களிடம் "எங்க பாப்பா அனுப்பிச்சது" என்று நாலு நாள் காட்டிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால்காரரிடம்கூட.

முதல் நாள் அது என்னை மதிக்கவே இல்லை. தொடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. அழுத்துகிறேன், அப்போதும் இல்லை. அம்மா தொட்டால் உடனே திறக்கிறது. கெட்டுப்போன போனை உன் தலையில் கட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன். மாடி வீட்டுப் பையன், பாலிடெக்னிக் படிக்கிறானே, அவன்தான் விளக்கினான். அழுத்தினால் வேலை செய்கிற ரகம் பழசாம். இதில் கண்ணாடிக்கு அடியில் லேசாக மின்சாரம் பரவியிருக்குமாம். நம் உடம்பும் மின்சாரத்தைக் கடத்துவதால் விரல் பட்ட இடத்தில் அது கொஞ்சம் மாறும், அதை வைத்து எந்த இடம் என்று கண்டுகொள்ளுமாம். தோல் காய்ந்து தடித்துப் போயிருந்தால் விரல் பட்டதே அதற்குத் தெரியாதாம்.

என் கட்டைவிரல் உனக்குத் தெரியாததா? 1975இலிருந்து 2006 வரை பிரஸ்ஸில் எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கை இடது கையில் பிடித்து, அடுக்கிய எழுத்து சரியாமல் கட்டைவிரலால் அணைத்துக்கொண்டே அடுத்த எழுத்தைப் பொறுக்கிய விரல். குழந்தையில் உன் கன்னத்தைத் தொட்டால் "சொறசொறன்னு இருக்குப்பா" என்று தட்டிவிடுவாய். இப்போது கண்ணாடியும் அதைத்தான் செய்கிறது. பக்கத்தில் ஒரு ஈரத் துணி வைத்திருக்கிறேன். பேங்கில் நோட்டு எண்ணுகிறவர் மாதிரி விரலை அதில் ஒற்றி ஒற்றித் தொட வேண்டியிருக்கிறது. ஈரம் கூடிப்போனால் அதுவாகவே யாருக்காவது போன் போட்டுவிடுகிறது. போன வாரம் மேலூர் அத்தைக்குப் போய்விட்டது. அத்தை என்ன கேட்டாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று வைத்துவிட்டேன்.

மெச்ச வேண்டியதையும் சொல்கிறேன். பையன் செல்லினம் என்று தமிழ் அடிக்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி முடிவு பண்ணியது. உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம், மெய் வலது பக்கம். எனக்கு ஈய எழுத்து போட்டுவைக்கிற கேஸ் முன்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. நம் பிரஸ்ஸில் கு-வுக்கு ஒரு அறை, கூ-வுக்கு ஒரு அறை, அத்தனையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். இங்கே க தட்டி உ தட்டினால் தானே கு ஆகிவிடுகிறது. 'பக்கம்' என்று எழுத க-வை இரண்டு தரம் தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. நான் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து, 1978இல், எழுத்துச் சீர்திருத்தம் வந்து லை, னை எல்லாம் மாறியபோது முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். வாங்கி வைத்த ஈயமெல்லாம் வீணா என்று. இதில் மாற்ற ஈயமும் இல்லை, ஒன்றும் இல்லை. முதல் நாள் இரண்டு மணி நேரம் சும்மா கல்யாணப் பத்திரிகை வாசகமாக அடித்துக்கொண்டிருந்தேன். எழுத்தையும் இரண்டு விரலால் விரித்துப் பெரிசாக்கிக்கொள்ள முடிகிறது. ப்ரூஃப் பார்க்கிற காலத்தில் இது இருந்திருந்தால் என் கண்ணாடி இவ்வளவு தடித்திருக்காது.

ஒரு வார்த்தை அடித்தால் அடுத்த வார்த்தையை அதுவே எடுத்துக் கொடுக்கிறது. 'மாப்பிள்ளை' என்று அடித்தேன். 'சம்பா' என்று கொடுத்தது. பையன் சிரித்தான், நானும் சிரித்தேன். மாப்பிள்ளை சௌக்கியமா என்று உனக்கு எழுத வந்தவன் அதை அப்படியே அழித்துவிட்டேன்.

ராத்திரி கதவைத் தாழ் போட்டுப் படு.

பென்ஷன் விஷயத்தில் மட்டும் இந்தப் போன் சாமி. போன வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க மூன்று தடவை அலைந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மிஷினில் கைவைத்தால் ரேகை விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. இந்தத் தடவை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பையன் போனைப் பிடிக்க, ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டினேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினேன். ஆள் இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டது. முடிந்தது. அம்மா பக்கத்தில் நின்று, "நாற்பத்தஞ்சு வருஷமா நான் பாத்துக்கிட்டிருக்கேன், என்கிட்ட கேட்டா சொல்லமாட்டேனா" என்றாள்.

கெட்டதும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒருவன் இந்தியில் ஆரம்பித்து இங்கிலீஷுக்கு மாறி, என் பெயரில் ஏதோ பார்சல் பிடிபட்டது, போலீஸ் வீடியோவில் வரும் என்றான். பேப்பரில் தினமும் வருகிற அதே கதை. வைத்துவிட்டேன். பணம் போனால் உடனே 1930க்குப் போன் பண்ண வேண்டும் என்று காலண்டரில் பெரிசாக எழுதி மாட்டியிருக்கிறேன். நீயும் ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லிவிடாதே. கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு நான் சொல்வது சிரிப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். யார் கேட்டாலும் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு. வெளியிலிருந்து வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. கதவைத் தாழ் போட்டுப் படு.

இதிலேயே பெரிய கெடுதல் எது என்று கேட்டால், வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வருகிற அந்த நேரம்தான். கடைசியாக எப்போது பார்த்தாய் என்று போடுகிறதே. எனக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, வயசு. எழுந்தவன் சும்மா இருக்காமல் போனைத் திறக்கிறேன். செவ்வாய்க்கிழமை 2.50. புதன்கிழமை 3.15. இன்றைக்கு விடிகாலை நான் பார்க்கும்போதே 'ஆன்லைன்' என்று இருந்தது, மணி நாலு. நானும் இங்கே இருட்டில் உட்கார்ந்து அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறைந்தது. ஏதாவது எழுதலாம் என்று விரலை ஈரத் துணியில் ஒற்றினேன், அப்புறம் எழுதவில்லை. ஆபீஸ் வேலை அமெரிக்காக்காரனோடு என்று நீ சொல்வாய். இருக்கலாம். பழைய போனில் உன் குரல் மட்டும்தான் வரும். நீ நன்றாகத் தூங்கி எழுந்தவள் மாதிரியே பேசுவாய், நானும் நம்பிவிடுவேன்.

அந்த நேரம் தெரியாமல் மறைத்துவைக்க ஒரு வழி இருக்கிறதாம், பையன் சொன்னான். மறைத்துவிடாதே.

வீடியோவில் வந்ததும் நல்லதுதான். மூன்று மாசம் கழித்து உன் முகத்தைப் பார்த்தோம். சித்திரைத் திருவிழாவுக்கும் வரவில்லை, அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வேலை இருந்திருக்கும். உனக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். பெங்களூர் ஜெயநகர் வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மா கொடுத்த பித்தளைப் பாத்திரம் ஏதாவது ஒன்று கண்ணில் படுமே. அம்மா போனைத் தலைகீழாகப் பிடித்து உனக்கு மின்விசிறியைக் காட்டிக்கொண்டிருந்ததால் அவள் கவனிக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எழுதத்தான் இரண்டு நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

2001, தை மாசம். நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன முதல் வருஷம். முகூர்த்த சீசன், பிரஸ்ஸில் நிற்க நேரமில்லை, ட்ரெடில் மிஷின் சத்தம் காதைப் பிளக்கிறது. முதலாளி மேஜையில் போன். உனக்குப் போன் என்றார். கையெல்லாம் மை, ரிசீவரைத் துணியால் பிடித்துக்கொண்டேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாய். "அப்பா, நான் வந்துடட்டுமா?" என்றாய். வேறொன்றும் சொல்லவில்லை. நான், "மீட்டர் ஓடுது பார், வை. லீவுக்கு வரும்போது பேசிக்கலாம்" என்றேன்.

அன்றைக்கு அம்மாவிடம், லைன் சரியில்லை, பாப்பா என்ன சொன்னாள் என்றே கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இருபத்துநாலு வருஷமாக அதையே சொல்லி எனக்கே அப்படித்தான் நடந்தது போல ஆகிவிட்டது. அது பொய், பாப்பா. எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு சத்தத்திலும் கேட்டது. உன் ஃபீஸுக்குத் தெற்குவாசல்காரரிடம் மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தேன். நீ திரும்பி வந்துவிட்டால் அந்தக் கடனுக்கு என்ன பதில் என்றுதான் மனசு ஓடியது. உனக்கு அங்கே என்ன ஆயிற்று என்று ஓடவில்லை. லீவுக்கு வந்தாய், இளைத்திருந்தாய். பேசிக்கலாம் என்று சொன்னவன் பேசவில்லை. நீயும் அதற்கப்புறம் என்னிடம் எதையும் கேட்டதில்லை. படித்தாய், வேலைக்குப் போனாய், கடனை நீயே அடைத்தாய், எனக்குப் போன் வாங்கித் தந்தாய். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. ஊரெல்லாம் பெருமை பேசினேன். என் பெண் எதற்கும் என்னிடம் வந்து நிற்கமாட்டாள் என்று அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது மீட்டர் இல்லை. எவ்வளவு நேரம் பேசினாலும் காசு இல்லையாம். மூன்று மணிக்குப் பேசினாலும் இல்லை. நான் எப்படியும் முழித்துத்தான் இருப்பேன். அம்மாவை எழுப்பாமல் திண்ணைக்கு வந்துவிடுவேன்.

பேச வேண்டும் என்றில்லை. வரலாம். உன் அறையில் அடுக்கி வைத்திருந்த கேஸ் பெட்டியை எல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன், நேற்றுதான், பையன் ஒரு கை பிடித்தான். சும்மா, வீடு சுத்தம் பண்ணலாம் என்று. நீ வர முடியாது என்றால் நான் மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்தால் பெங்களூர். பெரியவர்களுக்கு இருந்த டிக்கெட் சலுகையை 2020இல் நிறுத்தியதுதான், இன்னும் திருப்பித் தரவில்லை. அதனால் ஒன்றுமில்லை. ஸ்லீப்பரில் வருவேன்.

அத்தை கேட்டாலும் சரி, யார் கேட்டாலும் சரி, பதில் சொல்ல நான் இருக்கிறேன். அதை நினைத்து நீ முழித்திருக்காதே.

போனுக்கு உறை ஒன்று வாங்கினேன், 150 ரூபாய் சொன்னான், 100க்குக் கொடுத்தான். கண்ணாடி மேல் ஒட்டுகிற இன்னொரு கண்ணாடியும் ஒட்டியாயிற்று. அது ஒட்டினதிலிருந்து என் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் மறந்துவிட்டது. பரவாயில்லை, வலது கை ஆள்காட்டி விரலை அடையாளம் தெரிகிறது. அதை வைத்து ஓட்டிக்கொள்கிறேன். பழைய நோக்கியாவையும் சார்ஜ் போட்டுத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். எதில் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

உறையில் ஜெயநகர் முகவரியைத்தான் முதலில் எழுதினேன். பழக்கம். ப்ரூஃப் பார்த்தவன் கண், பாப்பா, பெட்டியில் வந்த பில்லில் உன் பெயருக்குக் கீழே இருந்த இரண்டு வரியும் வேறு என்பது அன்றைக்கே தெரிந்தது. கடைக்காரன் தப்பாக அச்சடித்திருப்பான் என்று நாலு நாள் வைத்துக்கொண்டேன். அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு உறை எடுத்து, பில்லில் இருந்தபடியே எழுதியிருக்கிறேன். பின்கோடை இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது.

தாழ் போட்டுப் படு.

அப்பா