மாசத்துக்கு ரெண்டு தடவைதான்

மதுரை
19.7.2025

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு முழங்கால் காரணமில்லை. அது இப்போது பரவாயில்லை, மாடிப்படியோடு மட்டும்தான் தகராறு. உண்மையான காரணம் வெட்கம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உன் ரிப்போர்ட். ஃபாஸ்டிங் 112, மூணு மாச சுகர் 7.4. "ரெண்டும் எப்படிடா ஒத்துப்போகும், மெஷின் கோளாறா, முப்பத்தொரு வருஷம் லேபில் குப்பை கொட்டினவன் நீதானே, சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். மெஷின் ஒழுங்காகத்தான் இருக்கிறது மாப்ள. பொய் சொன்னது நீ.

நான் 1987-ல் வேலைக்குச் சேர்ந்தபோது சிறுநீரில் பெனடிக்ட் கரைசலை ஊற்றிக் கொதிக்க வைத்துத்தான் சர்க்கரை பார்ப்போம். நீலமாகவே இருந்தால் ஆள் தப்பித்தார். பச்சை, மஞ்சள் என்று ஏறி ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் ஆள் மாட்டினார். அப்புறம் ரத்தத்தில் பார்க்கும் வசதி வந்ததும் ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள். டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் பாகற்காய், கஞ்சி, சாயங்காலம் ஏழு மணிக்கே படுக்கை. காலையில் ஊசி குத்தும்போதே சிரித்துக்கொண்டு "நேத்து கஞ்சிதான் சார்" என்பார்கள். ஃபாஸ்டிங் நல்ல பிள்ளையாக வரும்.

இந்த மூணு மாச சுகரிடம் அந்த ஜம்பம் பலிக்காது. சர்க்கரை போய் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டால் ஒட்டினது ஒட்டினதுதான். அந்தச் சிவப்பணு சாகும் வரை, அதாவது சுமார் 120 நாளைக்கு, அதைச் சுமந்துகொண்டே திரியும். கடைசி ஒரு மாசத்துக் கணக்குதான் அதில் கிட்டத்தட்டப் பாதி. ரத்தசோகை இருந்தால் முன்னே பின்னே காட்டும். உன் ஹீமோகுளோபின் 14, அந்தச் சாக்கும் உனக்கு இல்லை. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை வியாதி என்பது கணக்கு. 7.4 உன்னுடையதுதான், ஒத்துக்கொள்.

"தங்கச்சி சமையலில் ஒரு குறையும் இல்லை, கம்பங்கூழ், சப்பாத்தி, காயும் கீரையும், தினம் அண்ணா ஸ்டேடியத்தில் நடை, ஹோட்டலுக்குள் கால் வைத்தால் மட்டும் எனக்கு என்னமோ ஆகுதுடா" என்று கடைசியில் ரெண்டு வரி எழுதியிருக்கிறாய் பார், விஷயமே அங்கேதான் இருக்கிறது. எனக்கும் அதே நோய். இப்போது வெட்கக் கதையைச் சொல்கிறேன்.

போன மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குப் பிறந்தநாள். எட்டு முடிந்தது. ஒன்பது பேர் கிளம்பி பைபாஸ் ரோட்டில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். ஆட்டோவிலேயே தீர்மானம் செய்துவிட்டேன்: ரெண்டு இட்லி, ஒரு விதவுட் காபி. சப்ளையர் தம்பி வந்து மூச்சு விடாமல் ஒப்பித்தார்: இட்லி, ஊத்தப்பம், ஆனியன் ரவா, நெய் ரோஸ்ட், பொடி ரோஸ்ட், பன்னீர் தோசை, இடியாப்பம் குருமா, சில்லி பரோட்டா, கொத்து பரோட்டா. நான் சொன்னபடியே "ரெண்டு இட்லி" என்றேன்.

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சம்பந்தி, சுகரா?"

அவ்வளவுதான். மேஜையே மருந்துக்கடை ஆகிவிட்டது. அவருக்குக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அவர் தம்பிக்கு இப்போது ஊசி. சம்பந்தி அம்மாவுக்குக் கால் எரிச்சல். அதற்குள் என் மருமகன் போனைப் பார்த்துக்கொண்டே 2023-ல் வந்த கணக்கைச் சொன்னார், சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து எடுத்தது: நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, இன்னும் 13.6 கோடிப் பேர் வாசலில் நிற்கிறார்கள். பக்கத்து மேஜைகளைப் பார்த்தேன். அத்தனை கோடியும் அன்றைக்கு அங்கேதான் நெய் ரோஸ்ட்டைப் பிய்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. தலையில் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு பேரன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான், ஏதோ துஷ்டி வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி.

அதை நிறுத்தத்தான் "தம்பி, அந்த இட்லியை நெய் பொடி இட்லியா மாத்திக்குங்க" என்றேன். சத்தியமாக அந்த நேரத்தில் எனக்கு ஆசையே இல்லை மாப்ள. பேச்சு மாற வேண்டும், அவ்வளவுதான். உடனே எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. ஹோட்டலில் பத்தியக்காரன் ஒருத்தன் உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டிலும் கணக்கு எழுத ஆரம்பித்துவிடுகிறது. அவன் சாப்பிட்டால்தான் அவர்களுக்கும் இறங்கும்.

நெய் நாக்கில் பட்டதும் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான். கேசரி சொன்னேன். வடை சொன்னேன். பேரன் பாதியில் வைத்த பரோட்டாவை, வீணாகப் போகக் கூடாதாம், நான் முடித்தேன். அப்புறம் ஒரு ஆனியன் ரவா. பொடிசுகள் ஐஸ்கிரீம் கேட்டதுகள், எனக்கும் ஒரு கப் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு சப்ளையரைக் கூப்பிட்டுக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் கேட்டேன்: "ஒரு காபி. விதவுட்."

வீட்டுக்காரி சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ராத்திரி தூக்கம் வராமல், இளையவள் எம்.எஸ்சி. சைக்காலஜி படித்தபோது வாங்கிய தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். என் கதை 1975-லேயே அதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹெர்மன், மேக் என்று ரெண்டு பேர் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். கல்லூரிப் பெண்களில் சிலருக்கு மில்க் ஷேக் ஒன்று, சிலருக்கு ரெண்டு, சிலருக்கு எதுவும் கிடையாது. அப்புறம் முன்னால் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். நியாயம்தானே. எந்நேரமும் டயட்டில் இருக்கிறவர்கள் தலைகீழ். ஒன்றும் குடிக்காதபோது அளவாகத் தின்றவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகத் தின்றார்கள்! இன்றைய கணக்கு கெட்டுப்போச்சு, இனி எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்கிற எண்ணம். ஹெர்மனும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த பாலிவி என்பவரும் அதற்கு ஒரு பெயர்கூட வைத்துப் பின்னால் நிறைய எழுதியிருக்கிறார்கள். நம்ம ஊரில் முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்குன்னு எந்தக் கிழவியும் சொல்லுவாள். அவர்களுக்கு மில்க் ஷேக் தேவைப்பட்டிருக்கிறது.

எனக்கு உறைத்தது என்ன தெரியுமா? நெய் பொடி இட்லி என்னைக் கெடுக்கவில்லை. ரெண்டு நெய் இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்திருந்தால் ஒரு ஸ்பூன் நெய்யோடு கதை முடிந்திருக்கும். அந்த ஒரு ஸ்பூனை ஒரு குற்றமாக நான் எடுத்துக்கொண்டேனே, அதற்குப் பிறகு வந்ததுதான் எல்லாம். கேசரி, வடை, பரோட்டா, ரவா எல்லாம் அந்த முதல் வாயின் வட்டி.

அதே புத்தகத்தில் வேறு விஷயங்களும் உண்டு. ஒரே பண்டத்தைத் தின்றால் நாக்கு சீக்கிரம் சலித்துவிடும், பண்டம் மாற மாறச் சலிப்பு தள்ளிப்போகும் என்று பார்பரா ரோல்ஸ் என்கிற அம்மாள் எண்பதுகளில் காட்டியிருக்கிறார். "வயிறு ஃபுல், ஆனா ஐஸ்கிரீமுக்கு இடம் இருக்கு" என்று பொடிசுகள் சொல்வது பொய்யே இல்லையாம். தனியாகச் சாப்பிடுவதைவிடக் கூட்டத்தோடு உட்கார்ந்தால் 40 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இறங்கும் என்று டி காஸ்ட்ரோ என்பவர் ஜனங்களைச் சாப்பாட்டு டைரி எழுத வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். ஒன்பது பேர் மேஜைக்கு அவர் என்ன சொல்லுவாரோ.

மெனுவில் கலோரி போடச் சொல்லி 2022-லிருந்து பெரிய கடைகளுக்கு, பத்துக் கிளையாவது இருக்கிறவர்களுக்கு, நம்ம நாட்டில் சட்டமே வந்துவிட்டது. பேரனோடு பீட்சா கடைக்குப் போனபோது பார்த்தேன், எழுத்து இருந்தது. பக்கத்தில் இருக்கும் விலையைப் படிக்கவே நமக்கு நேரம் சரியாக இருக்கிறது. இந்த மாதிரிப் போடுவதால் என்ன பலன் என்று பல நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து இந்த வருஷம் ஒரு கணக்கு வந்தது: 600 கலோரிச் சாப்பாட்டில் 11 கலோரி குறைகிறதாம். ரெண்டு பாதாம்பருப்பு!

வீட்டில் எண்ணெய் தூக்கு கண்ணெதிரே இருக்கிறது. "அரை லிட்டர் ஆறு நாளில் எப்படிப் போச்சு" என்று கேட்க ஒருத்தி இருக்கிறாள். ஹோட்டலில் தோசை சிவந்து வர மாவிலேயே கடலைப்பருப்பும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்ப்பார்கள், கல்லில் எத்தனை கரண்டி எண்ணெய் விழுந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. மொறுமொறுவென்று வருகிறது, தின்கிறோம். இதெல்லாம் உனக்கே தெரியும்.

ஆனால் இதில் எதுவுமே எனக்கு முழு பதிலாகப் படவில்லை. பதில் மறுநாள் காலையில் வந்தது, புத்தகத்திலிருந்து அல்ல, அடுப்படிச் சுவரிலிருந்து.

"எப்பவாவது ஒருநாள்தானே, மாசத்துக்கு ரெண்டு தடவை வெளியே சாப்பிட்டா குடியா முழுகிடும்?" என்று இவளிடம் சொன்னேன். இவள் வாயைத் திறக்கவில்லை. அடுப்படிக் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பால் வாங்காத நாளுக்கு இன்ட்டு, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு வட்டம் போடுவாள், தெரியுமில்லையா? பால் வாங்காத நாள், ராத்திரி அடுப்பு பற்ற வைக்காத நாள் எல்லாம் அதில் இருக்கிறது. பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். காதுகுத்து. ரிட்டயர்டு சங்கத்து மீட்டிங். அழகர்கோயில் போய்விட்டுத் திரும்பும்போது. மழை என்று ஒருநாள். கரண்ட் இல்லை என்று ஒருநாள். கிரகப்பிரவேசம். உங்க ஃபிரண்டு வந்தார்னு ஒருநாள். பிறந்தநாள். ஜூன் மாசத்தில் மொத்தம் பதினொன்று. டீக்கடை வடையைச் சேர்க்கவில்லை என்று வேறு சொன்னாள்.

சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் ரெண்டு என்றுதான் பண்ணியிருப்பேன் மாப்ள. நான் பொய் சொல்லவில்லை. எனக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை இன்னும் 1971-லேயே உட்கார்ந்திருக்கிறான்.

உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவுக்குப் பருப்பு மண்டியில் தீபாவளி போனஸ் வந்த அன்றைக்கு மட்டும் என்னைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போவார். நடுவில் குழிந்த பெரிய கல், அதில் குளம் மாதிரி எண்ணெய், பரோட்டா அதில் மிதக்கும். கரண்டியால் ஓரமாக ஒதுக்கி எண்ணெயை வடியவிட்டு, இலையில் போட்டு, ரெண்டு கையாலும் ஒரு அடி. நொறுங்கும் சத்தம் கேட்கும். மேலே சால்னா. அப்பா தனக்கு ஒன்று சொல்லிவிட்டு அதிலும் பாதியை என் பக்கம் தள்ளுவார். "நல்லாச் சாப்பிடுறா, இன்னிக்கு ஒருநாள்தானே." மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் கையை இழுத்து மோந்து பார்த்து "எண்ணெய் பரோட்டாவாடா" என்று கேட்டவன் நீ. கழுவினாலும் அந்த வாசனை போகாது. நானும் கழுவவில்லை என்று வை.

அன்றைக்கு அது உண்மையிலேயே ஒருநாள்தான். அடுத்தது பொங்கலுக்கா, அடுத்த தீபாவளிக்கா என்று தெரியாது. கிடைத்தபோது வயிறு கொள்ளுமட்டும் தின்றுகொள்வதுதான் புத்திசாலித்தனம். இன்றைக்கு ஹோட்டல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவது பென்ஷன் வாங்கும் 65 வயசுக்காரன். மேஜையில் உட்காருகிறவன் அந்தப் பத்து வயசுப் பையன். அவனுக்கு இன்னிக்கு ஒருநாள்தான். மாசத்தில் பதினொரு தடவையும் அவனுக்கு இன்னிக்கு ஒருநாள்தான்.

வீட்டில் நானும் நீயும் அளவாகச் சாப்பிடுவது நம் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதெல்லாம் இல்லை. வீட்டுச் சாப்பாடு நாளைக்கும் கிடைக்கும், அதனால் விடமுடிகிறது. அவ்வளவுதான். என் பேரனைப் பார்த்தேன். அவனுக்கு ஹோட்டல் ஒரு அதிசயமே இல்லை. பாதி பரோட்டாவை வைத்துவிட்டுப் பலூனைத் தேடி ஓடினான். அவனுக்கு வேறு விதமான கெடுதல் காத்திருக்கிறது, அது வேறு கடிதம்.

இப்போது நானே காலண்டரில் குறிக்கிறேன், சிவப்புப் பேனாவால். உள்ளே போவதற்கு முன்னால் எத்தனையாவது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இந்த மாசம் இது வரை நாலு. நாலாவது தடவை போனபோது ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன், சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன், ஒன்றோடு எழுந்துவிட்டேன். எத்தனை நாளைக்கு நடக்கும் என்று தெரியாது. என் மூணு மாச சுகர் 6.9. அக்டோபரில் மறுபடி பார்க்கிறேன்.

மூத்தவளுக்குத் தேனிக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. உன் பையன் வேலை விஷயம் என்ன ஆச்சு என்று நீ எழுதவே இல்லை. தங்கச்சியிடம் சப்பாத்திக்குச் சண்டை போடாதே.

ஆவணியில் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? மறுநாள் காலையில் பஸ் பிடித்து விருதுநகர் போய்வருவோம். மதியத்துக்கு மேல்தான் கல்லில் எண்ணெய் ஊற்றுவார்கள், அது வரை நம்ம பள்ளிக்கூடத் தெருவில் சுற்றலாம். ஆளுக்கு ரெண்டு பரோட்டா. யாரும் யாருக்கும் பாதியைத் தள்ளிவிடக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். ரிப்போர்ட்டையும் எடுத்துவா, பழைய ரெண்டையும் சேர்த்து.

உன்,
மாப்ள