பெயிண்ட் அடிக்காதே மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த பொம்மை வண்டிகளைச் சுரண்டி, புதுசாக ஸ்பிரே பெயிண்ட் அடிக்கப் போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். உன் ஆசை புரிகிறது. ஆனால் அடித்துவிடாதே. மாமா சொல்வதை ஒரு தடவை கேள்.

அந்த வண்டிகள் எல்லாம் ரஜூலா கப்பலில் சிங்கப்பூரிலிருந்து நாகப்பட்டினம் வந்து இறங்கியவை. கோடாலித் தைலத்தோடும் கைலியோடும் சேர்த்துத் தாத்தா கட்டிக்கொண்டு வந்தார். கூத்தாநல்லூர் பக்கம் சபர் போன, அதாவது கடல் கடந்து பிழைக்கப் போன வீடுகளில் இன்னும் இப்படிப் பெட்டிகள் பரணில் கிடக்கும்.

முதலில் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார். அடித்தகட்டில் எழுதியிருக்கும். 'டிங்கி டாய்ஸ்', 'மெக்கானோ லிமிடெட்' என்றிருந்தால் அநேகமாக லிவர்பூலில் வார்த்தது; அந்தத் தொழிற்சாலையை 1979ல் மூடிவிட்டார்கள். 'லெஸ்னி' என்றிருந்தால் அந்தக் கம்பெனி லண்டனில் செய்த மேட்ச்பாக்ஸ் வண்டி. லெஸ்னியின் பங்குதாரர் ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதியாம். மகளுக்காக அவர் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்துகொடுத்தார். 1953ல் வந்த மேட்ச்பாக்ஸ் வரிசையில் ஒன்றாம் நம்பரும் ரோடு ரோலர்தான். அந்த வரிசையில் மாடி பஸ்ஸும் ரோடு ரோலரும் உருவத்தில் நெருங்கி நிற்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா? பெட்டிதான் அளவுகோல்.

சக்கரத்தையும் பார். மேட்ச்பாக்ஸில் உலோகச் சக்கரம் முந்தியது, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் அடுத்தது, கருப்பு அதற்கும் அடுத்தது. மெல்லிய கம்பியில் வழுக்கிக்கொண்டு ஓடினால் 1969லோ அதற்கு அப்புறமோ வந்தது. 1968ல் ஹாட் வீல்ஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கார்கள் வந்து சந்தையைப் பிடித்ததும் லெஸ்னி சக்கரத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, அந்த நீல டிராக்டருக்கு வருகிறேன். அது போர்ட்சன், மேட்ச்பாக்ஸ் 72ஆம் நம்பர். நீல உடம்பு, ஆரஞ்சுச் சக்கரம். பொம்மைக்காரன் இஷ்டத்துக்குப் பூசிய நிறம் இல்லை அது. இங்கிலாந்தில் டாகன்ஹாமில் செய்த நிஜ போர்ட்சன் டிராக்டருக்கும் அதே நீலம், அதே ஆரஞ்சு. பானெட்டின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய் வெள்ளையாகத் தெரிகிறதே, அது உன் அம்மா திண்ணையில் தள்ளித் தள்ளித் தேய்த்தது. சின்ன வயதில் அவள் அதை யாருக்கும் கொடுக்க மாட்டாள். அந்த இடத்தின் மேலா ஸ்பிரே அடிக்கப் போகிறாய்?

சிவப்பு டிங்கி டிராக்டர் மேசி ஹாரிஸ். 1953ல் அந்தக் கம்பெனி பெர்குசனோடு சேர்ந்தது; பின்னால் பொம்மையின் பெயரும் மேசி பெர்குசன் என்று மாறியது. அதே மேசி பெர்குசனின் கூட்டில்தான் 1960ல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கியது. நம் வயலில் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேறு கலக்கும் சிவப்பு மேசி அந்த வம்சம்.

ஆஸ்டின் டெவான் காரும் அப்படித்தான். நிஜ ஆஸ்டின் ஏ40ஐ அசோக் மோட்டார்ஸ் 1949ல் சென்னையில் பாகங்களைப் பூட்டி இறக்கியது. 1955ல் அந்தக் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. நம் ஊர் பஸ்ஸுக்கு மட்டும் பொம்மை கிடைக்கவில்லை. சோழன் போக்குவரத்துக் கழகம் 1972ல் வருவதற்கு முன், கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன் பஸ்தான் பெரிய பேர். லேலண்ட் காமெட் பொம்மை லாரியைப் பஸ்ஸாக வைத்துக்கொண்டு, 'மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர்' என்று கூவி விளையாடுவோம்.

இன்னொன்று. இந்த வண்டிகள் துத்தநாகக் கலவை. வார்க்கும்போது ஈயம் கலந்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு, கடைசியில் தொட்டாலே உதிரும். 1930களில் செய்தவற்றில் இது அதிகம். ஈரம் பட்டால் இன்னும் வேகம். அதற்கு வைத்தியம் கிடையாது. மேலே பெயிண்ட் அடித்தால் விரிசல் மறையும், நிற்காது. பழைய பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அது துத்தநாகத்தையே அரித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். உடனே துணியால் ஒற்றிவிட்டு, நன்றாகக் காய்ந்ததும் கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வை. உங்கள் வீட்டுக்கு உப்புக்காற்று வருவதால் ஜன்னலோரம் வேண்டாம். சேகரிப்பவர்களும் பெயிண்ட் உரிந்த அசலுக்குத்தான் நல்ல விலை தருவார்கள், மேலே பூசியதற்கு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு மன்னார்குடிக்கு வா. இங்கே பக்கத்துத் தெருவில் ஒருவர் பழைய மேசியை இன்னும் உழவுக்கு ஓட்டுகிறார். டிங்கியை அவர் கையில் கொடுத்து, பொம்மையில் எது சரி, எது தப்பு என்று அவர் வாயால் கேட்க வேண்டும். பத்து மணிக்குள் வந்தால்தான் அவர் வீட்டில் இருப்பார்.

அன்புடன்,
மாமா