மாட்டாஸ்பத்திரியில் ராத்திரிக்கு ஒரு டாக்டர் வேண்டும்

எங்கள் ஊர் கால்நடைப் பெருமருத்துவமனையின் பொறுப்பில் இருக்கிற டாக்டர் அய்யாவுக்கும், அவருக்கு மேலே மாவட்டத்தில் இருக்கிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நான் கொடுத்த மனுவுக்குப் போன வாரம் பதில் வந்தது. "மருத்துவமனையில் பணி நேரத்தில் முறையாகச் சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது" என்று ஒரே வரி. பதில் போட்டதற்கு நன்றி. ஆனால் பணி நேரத்தில் பார்க்கவில்லை என்று நான் எழுதவே இல்லையே. கேட் பூட்டிய பிறகு நடந்ததைத்தானே எழுதினேன். மனுவை யாராவது முழுக்கப் படித்தார்களா என்று தெரியாததால்தான் இப்போது நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். அன்றைக்குக் கேட்டதையே கேட்கிறேன். மாட்டாஸ்பத்திரியில் ராத்திரிக்கு ஒரு டாக்டர் வேண்டும்.

ஜிம்மியை உங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். செவலை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும், நாட்டு நாய்தான். ஒன்பது வருஷமாக என் தையல் மிஷினின் மிதிக்கு அருகில் படுத்திருந்தவள். மிதி ஆடுகிற சத்தம் நின்றால் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். ஒவ்வொரு வருஷமும் ஜூலை 6 அன்று நீங்கள் நடத்துகிற இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்கு அவளை நடத்தியே கூட்டி வருவேன். ஊசி போட்ட அட்டை ஒன்பதும் என்னிடம் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவளை உங்களிடம்தான் கொண்டு வந்தேன். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறாள், வயிறு பெருத்த மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். முப்பது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள், ஒரே டாக்டர். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்போ பருவத்துக்கு வந்துச்சும்மா?" என்று கேட்டார். ஒன்றரை மாதம் இருக்கும் என்றேன். கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம், ஸ்கேன் பார்த்து உறுதி செய்துகொண்டு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ஸ்கேன் மெஷின் அதே அறையில் உறை போட்டு இருந்தது. அதை இயக்குகிற டாக்டர் வேறு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து திங்கட்கிழமைதான் இங்கே வருவாராம். ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டு, ஆர்.எல். என்கிற டிரிப் பாட்டில் ஒன்று ஏற்றினார்கள். ஸ்டாண்டு ஒரு கன்றுக்குட்டிக்குப் போய்விட்டதால் பாட்டிலை என் மகன்தான் பெஞ்சு மேல் ஏறி நின்று முக்கால் மணி நேரம் பிடித்தான். திங்கட்கிழமை வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொன்னார்கள். அவசரம் என்றால் தனியாரிடம் காட்டுங்கள் என்றும் டாக்டர் சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நோயை அவர் சரியாகத்தான் கண்டுபிடித்தார்.

ராத்திரி பத்தரை மணிக்கு ஜிம்மி வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. கால் நான்கும் சில்லிட்டுவிட்டன. ஊரில் இருக்கிற இரண்டு தனியார் கிளினிக்கும் ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள். ஒருவர் போன் அணைந்திருந்தது, இன்னொருவர் வெளியூர்க் கல்யாணத்தில் இருந்தார். இரண்டு ஆட்டோக்காரர்கள் நாய் என்றதும் வர மறுத்துவிட்டார்கள். கடைசியில் எதிர்வீட்டுத் தம்பி தன் குட்டி யானை வண்டியை எடுத்தான். பழைய போர்வையில் சுற்றி அவளை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் கேட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றேகால்.

கேட் பூட்டியிருந்தது. உள்ளே வராந்தாவில் டியூப் லைட் எரிந்தது. வாட்ச்மேன் நல்ல மனிதர், சின்னக் கதவைத் திறந்து உள்ளே உட்காரவிட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "டாக்டர் காலைல எட்டு மணிக்குத்தாம்மா வருவாரு" என்றார். போன் நம்பர் கேட்டேன், அவரிடம் இல்லை. சுவரில் இருக்கிற போர்டில் அவசரத்துக்கு அழைக்க என்று ஒரு நம்பர் எழுதியிருக்கிறதே, அதைப் பாருங்கள் என்று காட்டினார். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம். பெயிண்ட் உரிந்து கடைசி மூன்று எண்கள் இல்லை.

மாடுகளை நிறுத்தி ஊசி போடுகிற இரும்புக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து டாக்டர் அறையின் ஜன்னல் தெரியும். உள்ளே அலமாரியில் ஆர்.எல். பாட்டில்கள் வரிசையாக இருந்தன. காலையில் கிடைக்காத ஸ்டாண்டும் இப்போது சும்மா நின்றுகொண்டிருந்தது. மருந்து இருக்கிறது, ஸ்டாண்டு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, லைட் எரிகிறது. ஏற்றிவிடத் தெரிந்த ஒரு ஆள் மட்டும் இல்லை. அந்த ஜன்னலை நான் ஐந்து மணி நேரம் பார்த்தேன் அய்யா.

இரண்டு மணி சுமாருக்கு ஒரு பெரியவர் டி.வி.எஸ். வண்டியில் வந்தார். பின்னால் அவர் பேரன், அவன் மடியில் ஒரு வெள்ளாடு. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து மாட்டிக்கொண்டிருந்தது. அவரிடமும் வாட்ச்மேன் அதே எட்டு மணியைத்தான் சொன்னார். பெரியவர் கேட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவர்கள் ஊரில் கைவைத்து எடுக்கத் தெரிந்த கிழவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போகிறேன் என்று வண்டியைத் திருப்பினார். அந்த ஆடு பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. நாய்க்காரி ஏதோ செல்லத்துக்காக எழுதுகிறாள் என்று நினைப்பவர்கள் இருந்தால், அந்தப் பெரியவரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அந்த ஆடுதான் பேரனின் பள்ளிக்கூடச் செலவாக இருந்திருக்கும்.

ஜிம்மி நாலரை மணிக்குப் போய்விட்டாள். என் முழங்கையில் தலையை வைத்திருந்தாள். மூச்சு நின்ற பிறகும் போர்வை சூடாக இருந்ததால் எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, சொன்ன நேரத்துக்கே வந்தார். அவளைப் பார்த்துவிட்டு எனக்குப் பொறுமையாக விளக்கினார். கருத்தடை ஆபரேஷன் செய்யாத பெட்டை நாய்களுக்கு, அதிலும் வயதானவற்றுக்கு, பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது நிறைய நடக்கிறதாம். கர்ப்பப்பையின் வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும், நமக்கும் தெரியும். மூடிக்கொண்டால் உள்ளேயே சேர்ந்து விஷம் உடம்பெல்லாம் பரவும், கர்ப்பப்பை கிழிந்தும் போகலாம். டிரிப் ஏற்றி உடம்பைத் தேற்றி, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைக்கிற நாய்கள் நிறைய. "ராத்திரியே பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவர் முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்துக்குத்தான் நான் மனு எழுதினேன். அதற்குத்தான் "பணி நேரத்தில்" என்று பதில் வந்திருக்கிறது.

அய்யா, நோய்க்குப் பணி நேரம் கிடையாது. கட்டுவிரியன் ராத்திரியில்தான் வெளியே வரும், வாசலில் காவலுக்குப் படுத்திருக்கிற நாயைத்தான் முதலில் கடிக்கும். விஷமுறிவு மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பசுவுக்கு வயிறு உப்பினால் விடியும்வரை தாங்குமா? பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி சாயங்காலம் ரத்தமாகக் கழிய ஆரம்பித்தால், மறுநாள் காலை டிரிப் ஏற்ற நரம்பே கிடைக்காது என்று உங்கள் டாக்டர்தான் ஒரு தடவை சொன்னார்.

டாக்டர் இல்லாத ராத்திரியில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் போய் நிற்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு டீச்சர் வீட்டுப் பூனைக்கு ராத்திரி உடம்பு கொதித்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாராசிட்டமாலில் பாதி கொடுத்தார்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் அந்தப் பூனை இல்லை. போனை எடுத்து "கொடுக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும்.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ராத்திரியிலும் அவசர சிகிச்சைக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான், வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து வேப்பேரிக்கு ஆறு மணி நேரம். அந்த ராத்திரி நான் கிளம்பியிருந்தால் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் அவள் போயிருப்பாள். சென்னை நாய்க்கு ஒரு நியாயம், எங்கள் ஊர் நாய்க்கு ஒரு நியாயம் என்றா இருக்கிறது?

டாக்டர்களுக்குப் பஞ்சம் என்றும் சொல்ல முடியாது. 1989-லேயே கால்நடைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் தொடங்கிய மாநிலம் இது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, அப்புறம் தலைவாசல், உடுமலை, தேனி என்று கல்லூரிகள் வந்துவிட்டன. என்னிடம் துணி தைக்கிற ஒரு அம்மாவின் மகள் இந்தப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். உங்கள் ஆஸ்பத்திரியிலோ இரண்டு டாக்டர் இடத்தில் ஒன்று காலி. இருக்கிற ஒருவரே காலையில் புறநோயாளிகளைப் பார்த்து, மத்தியானம் கிராமத்துக்குப் போய்க் கோமாரித் தடுப்பூசி போட்டு, சினை ஊசி போட்டு, செத்த மாட்டுக்கு இன்சூரன்ஸ் சான்றிதழ் எழுதிக் கொடுத்து, ராத்திரியும் வா என்றால் அவரும் மனிதர்தானே. அவரை ராத்திரியும் வரச் சொல்லி நான் கேட்கவில்லை. காலியாக இருக்கிற இடத்தை நிரப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிட 1962 என்ற இலவச எண் இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். கிராமத்து மாட்டுத் தொழுவம்வரை அந்த வண்டி போவது பெரிய காரியம், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ராத்திரி ஆபரேஷனை வண்டியில் வைத்துச் செய்ய முடியாது. அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும். ஆஸ்பத்திரி இருக்கிறது, பூட்டியிருக்கிறது.

சட்டமும் என் பக்கம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம், ஒரு பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு வேண்டியதைச் செய்யக் கடமைப்பட்டவர் என்கிறது. 2014-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிராணிகளுக்கு ஐந்து சுதந்திரங்கள் உண்டு என்று சொன்னபோது, வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் நோயிலிருந்தும் விடுதலை என்பதும் அதில் ஒன்று. அந்தத் தீர்ப்பை வைத்து ஊரெல்லாம் எவ்வளவு பேசினோம். காளைக்காகப் பேசினோம், எதிர்த்துப் பேசினோம். நோய் வந்த பிராணிக்கு ராத்திரியில் யார் மருந்து கொடுப்பது என்று யாரும் பேசவில்லை. என் கடமையை நான் செய்தேன். ஊசி போட்டேன், காலையிலேயே கொண்டு வந்தேன், ராத்திரியும் கொண்டு வந்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடமையைத்தான் கேட்கிறேன்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆஸ்பத்திரியை நம்பி வருகிறவள் நான், இனியும் அங்கேதான் வருவேன். ஜிம்மி போன வருஷம் போட்ட குட்டிகளில் ஒன்று எதிர்வீட்டுத் தம்பியிடம் வளர்கிறது. அதற்கு அடுத்த மாதம் கருத்தடை ஆபரேஷன் செய்ய உங்களிடம் தேதி வாங்கியிருக்கிறேன்.

ராத்திரி முழுக்க ஒரு டாக்டர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்க இப்போதைக்கு வழி இல்லை என்றால், சுற்றுவட்டாரத்தில் இருக்கிற டாக்டர்களை முறை வைத்து, வாரம் ஒருவர் போனில் கிடைக்கும்படியாவது செய்யுங்கள். அழைத்தால் அரை மணி நேரத்தில் வந்துவிட வேண்டும். மருந்து அலமாரிச் சாவி அவரிடம் இருக்க வேண்டும். ராத்திரிக் கட்டணம் என்று தனியாக வாங்கினாலும் கொடுப்போம். அந்த ராத்திரி யாராவது இரண்டாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ராத்திரிக்கு ஒரு டாக்டர் வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஃபைல் மேலே போய்க் கீழே வர நாளாகும் என்று எனக்கும் தெரியும். அதுவரை சுவரில் இருக்கிற அந்த நம்பரையாவது முழுசாக எழுதி வையுங்கள். எங்கள் தெருவில் போர்டு எழுதுகிற பெயிண்டர் இருக்கிறார், பேசிவிட்டேன். பெயிண்டும் கூலியும் நான் கொடுக்கிறேன். எந்த நம்பர் என்று மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடைக்காரி